மேட்டுல விட்ட செருப்பு

பேய், பிசாசு, காத்து, கருப்புன்னு எவனாச்சும் என் முன்னாடி வாயெடுத்தா அங்கயே அவனை நாலு கேள்வி கேட்டு உக்கார வெச்சிடுவேன். அப்படிப்பட்ட ஆளு நான். படிச்சது மூணாவது வரைக்கும்தான். ஆனா பூமிக்கு மேல இருந்து பேசறவங்க மாதிரி இல்லீங்க நானு. இருபது வருஷம் கெணறு வெட்டினவன். பாகலூரு, சூளகிரி, ராயக்கோட்டை, இந்தப் பக்கம் இருக்கற கருங்கல்லு பூரா என் கை பட்டது. அறுபதடி ஆழத்துல, மேல பார்த்தா வானம் ஒரு தட்டு அளவு தெரியும், அங்க தனியா உக்காந்து களி தின்னவன். பேய்னு ஒண்ணு இருந்தா மொதல்ல என்னைத்தானே வந்து பார்த்திருக்கணும்? வரல. அதனால இல்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

இன்னைக்கு எனக்கு மூணு போர்வெல் வண்டி ஓடுது. ஓசூர்ல சொந்த வீடு. ஒருத்தன் கையைப் புடிச்சு நான் மேல வரல. இதை எதுக்குச் சொல்றேன்னா, பயந்தாங்கொள்ளி எவனோ எழுதறான்னு நீங்க நெனைச்சிடக் கூடாது. போன கார்த்திகையில நடந்தது இது. ராத்திரி கூட இல்லீங்க, பட்டப்பகல், மணி நாலு. சுத்தி ஆயிரம் ஜனம். நம்பினா நம்புங்க, நம்பலன்னா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. என்னை நம்பாம இருக்கறது ஜனங்களுக்குப் பழக்கம்தான்.

அந்தப் பழக்கம் எப்படி வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன், இல்லன்னா மத்தது புரியாது.

கெணறு வெட்டறவங்ககிட்ட ஒரு மொறை உண்டு. உள்ள எறங்கறவன் செருப்பைப் போட்டுனு எறங்க மாட்டான். மேட்டுல கழட்டி, மூக்கு கெணத்தைப் பார்த்தாப்புல விட்டுட்டுத்தான் எறங்குவான். பூமிக்கு மரியாதைன்னு சொல்லுவாங்க. மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், அதுல ஒரு கணக்கும் இருக்கு. மேட்டுல எத்தனை ஜோடி செருப்பு இருக்கோ அத்தனை பேரு உள்ள இருக்காங்கன்னு அர்த்தம். வெடி வெக்கறதுக்கு முன்னாடி மேட்டுல இருக்கறவன் செருப்பைப் பார்ப்பான். செருப்பு இல்லன்னா ஆளு இல்ல. அப்புறம் மூணு வாட்டி குரல் கொடுப்பான். அதுக்கப்புறம்தான் வெடியைக் கிளப்பற பேட்டரிப் பொட்டியைத் தொடுவான். இன்னொண்ணு, மொதல்ல ஏறி வந்தவன் பின்னாடி வர்றவனோட செருப்பைத் திருப்பி வெளிப்பக்கம் பார்த்தாப்புல வெச்சிட்டுப் போவான். ஓஞ்சு போயி ஏறி வர்றவன் அப்படியே கால நுழைச்சுனு நடக்கட்டும்னு. அது ஒரு பாசம்.

என் கூட்டாளி பேரு முனிராஜ். எனக்கு ரெண்டு வயசு சின்னவன், அண்ணா அண்ணான்னுதான் கூப்பிடுவான். கடப்பாரை விழுந்து இடது கால் சுண்டுவிரல் போயிருந்துச்சு அவனுக்கு. நாலு விரல் முனியன்னு கிண்டல் பண்ணுவோம். பாகலூர் பக்கம் ஒரு தோட்டத்துல கெணறு வெட்டினு இருந்தப்ப, முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி, அவன் உள்ள மருந்து வெச்சு ஒயர் கட்டினு இருந்தான். நான் ரோட்டுப் பக்கம் போயி மாட்டு வண்டிங்களை நிறுத்திட்டு வந்தேன். வந்து மேட்டைப் பார்த்தேன். செருப்பு இல்ல. ஏறிட்டான், தண்ணி குடிக்கப் போயிட்டான்னு நெனைச்சேன். இருந்தாலும் மொறைப்படி மூணு வாட்டி கத்தினேன். பக்கத்துத் தோட்டத்துல ஆயில் இன்ஜின் தடதடன்னு ஓடினு இருந்துச்சு. பதில் வரல. அமுக்கினேன்.

அவன் உள்ளதான் இருந்தான்.

அவனுக்குச் சோறு எடுத்துனு வந்திருந்த பொண்டாட்டி சென்னம்மா அலறினு ஓடி வந்தா. அப்புறம் ஊரே ஓடி வந்துச்சு. வந்து பார்த்தா மேட்டுல முனிராஜ் செருப்பு இருக்கு. அதுல என் தலையே சுத்திப் போச்சு. சத்தியமா நான் பார்த்தப்ப இல்ல. கற்பூரம் அடிச்சுச் சொன்னேன். யாரு கேட்டாங்க? போலீஸ்காரங்க ஆக்சிடெண்ட்டுன்னு எழுதி முடிச்சிட்டாங்க. ஊரு முடிக்கல. செருப்பைப் பார்க்காம பொட்டியை அமுக்கினவன்னு பேரு வெச்சாங்க. ஒருத்தனும் என்னோட கெணத்துல எறங்க வரல. சென்னம்மா அன்னைக்கு என் மூஞ்சியைப் பார்த்துட்டுத் திரும்பினவதான், அதோட ஒரு வார்த்தை பேசல. நான் ஓசூருக்கு வந்து போர் வண்டியில க்ளீனரா சேர்ந்து, மேல வந்த கதையெல்லாம் அப்புறம். பாகலூர்ல கல்யாணம் காட்சின்னா எனக்கு இன்னைக்கும் பத்திரிகை வராது. அதான் என் நெலமை.

போன கார்த்திகையில ஒரு நாள் காலைல போன் வந்துச்சு. "பெரியப்பா, நான் மல்லிகா பேசறேன், சென்னம்மா பொண்ணு"ன்னா. பெரியப்பாங்கறா. அவ அப்பன் சாகறப்ப மூணு மாசக் கொழந்தை, என்னை ஏறெடுத்துப் பார்க்காம வளந்தவ. "அம்மாவ பெங்களூர்ல சேர்த்திருக்கோம். நாளைக்குக் காலைல நெஞ்சு ஆபரேஷன். உங்களைப் பார்த்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. அஞ்சு மணி வரைக்கும்தான் உள்ள விடுவாங்க, அதுக்கப்புறம் யாரையும் விட மாட்டாங்களாம்."

எதுக்குக் கூப்பிடறான்னு தெரியல. சாகறதுக்கு முன்னாடி மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை திட்டணும்னு இருக்கலாம். எனக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் அவகிட்ட சொல்ல வேண்டி இருந்துச்சு: நான் பார்த்தேன், செருப்பு இல்ல. அதை அவ காதுல போட்டுடணும். அவ போயிட்டா அப்புறம் யாருகிட்ட சொல்றது? என் மூத்த பையன், பெரியவன், கார்ல கூட்டினு போறேன்னான். வேணாம்னுட்டேன். புள்ள முன்னாடி திட்டு வாங்க எனக்கு இஷ்டமில்ல.

எங்க வீட்டுக்காரி வாசல்ல நிறுத்தி, இடது செருப்புல கட்டைவிரல் வாரு பிஞ்சு தொங்குது, வேற போட்டுனு போன்னா. வந்து தெச்சுக்கறேன்னு கெளம்பிட்டேன். பஸ்ஸு பொம்மசந்திராவுல நின்னுச்சு, சில்க்போர்டுல நின்னுச்சு, நகர்ந்ததை விட நின்னதுதான் ஜாஸ்தி. மெஜஸ்டிக்ல எறங்கறப்ப மணி மூணு பத்து. அங்கிருந்து அடியில ஓடற ரயிலைப் புடிச்சு மூணாவது ஸ்டேஷன்ல எறங்கினா எதிர்லயே ஆஸ்பத்திரின்னு மல்லிகா சொல்லியிருந்தா. யாரையாச்சும் கேட்டுக்கோங்க பெரியப்பா, குழப்பமா இருக்கும்னா. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. பூமிக்கடியில போறதுக்கு எனக்கு ஒருத்தன் வழி சொல்லணுமா? அது படுத்துனு இருக்கற கெணறு, அவ்வளவுதானே?

அந்தத் திமிருதான் என்னைக் கவுத்துச்சு. படிக்கட்டு எறங்கினேன், ஆபீசு மாதிரி ஒரு எடம், பையை மெஷின்ல விட்டாங்க, டவுசர்காரப் பசங்க, காதுல ஒயரு மாட்டின பொண்ணுங்க. சீட்டுக்குப் பதிலா வட்டமா ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தாங்க, அதைத் தொட்டதும் கதவு வாயைத் தெறந்துச்சு. செக்கிங் பண்ற ஆளு என் காலையே பார்த்தான். எதுக்குப் பார்க்கறான்னு எனக்குத் தெரியல. உள்ள போயி, ஓடற படியில கால வெச்சதும் அந்த இரும்புப் பல்லு உள்ளங்கால்ல நறுக்குன்னு கடிச்சப்பதான் தெரிஞ்சுது.

வெறுங்கால்.

செருப்பை மேலயே விட்டுட்டேன். ரோட்டுல, படிக்கட்டு ஆரம்பிக்கற எடத்துல, ஓரமா கழட்டி, மூக்கு கீழ்ப்பக்கம் பார்த்தாப்புல வெச்சிட்டு வந்திருக்கேன். நெனைச்சுச் செய்யல. இருபது வருஷப் பழக்கம், கால் தானாக் கழட்டிடுச்சு. திரும்பிப் போலாம்னா படி கீழ்ப்பக்கமாவே ஓடுது, வில்லையும் ஒத்தியாச்சு. தொலையட்டும், வெறுங்கால் எனக்கென்ன புதுசான்னு எறங்கினேன்.

எறங்கினேன், எறங்கினேன், எறங்கினே இருந்தேன். மேல ஒரு லைனு, அதுக்கும் அடியில இன்னொரு லைனுன்னு எனக்கு யாரு சொன்னது? நான் பாட்டுக்கு ஆழம் வரைக்கும் போயிட்டேன். வண்டி வந்துச்சு, ஏறினேன். கதவு மூடினதுக்கப்புறம் சந்தேகம் வந்து பக்கத்துல இருந்தவரைக் கேட்டா, இது வேற லைனுங்கறாரு. அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி எதிர் வண்டி புடிச்சுத் திரும்பி மெஜஸ்டிக்குக்கே வந்தேன். மணி மூணு அம்பது. அங்க பார்த்தா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. அம்புக்குறி மேல அம்புக்குறி. கன்னடம் எனக்கு நல்லா பேச வரும், எழுத்து வராது. இங்கிலீஷைப் பத்திச் சொல்லவே வேணாம். ஒரு படி ஏறினேன், அது மறுபடியும் அதே எடத்துக்குக் கொண்டாந்து விட்டுச்சு. கெணத்துல எறங்கினவனுக்கு மேல கீழன்னு ரெண்டே வழிதான். இங்க பத்து வழி. என் வாழ்க்கையில பூமிக்கடியில மொத மொதலா எனக்கு வேர்த்துச்சு. அஞ்சு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க. அவ நாளைக்குப் பொழைக்கறாளோ இல்லையோ. முப்பத்தெட்டு வருஷம் தொண்டையில வெச்சிருந்தது அங்கயே நிக்குது, நான் இங்க தூணைச் சுத்தினு இருக்கேன்.

அப்பதான் வாசனை வந்துச்சு. வெடிச்ச கல்லோட வாசனை. மருந்துப் புகையும் ஈரக் கல்லும் கலந்தது. அதை மோந்தவனுக்குத்தான் தெரியும், வேற எதுவும் அப்படி வராது. ஏசி ஓடற எடம், பளபளன்னு கருங்கல்லு பதிச்ச தரை, அங்க எப்படி வரும்?

"அஜ்ஜா, நில்லு"ன்னு ஒரு குரல். அஜ்ஜான்னா தாத்தா. தொடைக்கற வேலை செய்யற பொம்பளை, அகலமான மாப்பைப் புடிச்சுனு நிக்கறா. கன்னடத்துல என்னைப் புடிச்சுத் திட்ட ஆரம்பிச்சா. இப்பதான் தொடைச்சேன், வெறுங்கால்ல சேத்தோட நடந்து பாழ் பண்ணிட்டியே, சூப்பர்வைசர் வந்தா என்னைத்தானே கேப்பாருன்னு. தரையைப் பார்த்தேன். கால் தடம். வெள்ளையா, ஈரமா, கல்லு மாவு கரைஞ்ச தண்ணியில நடந்த மாதிரி வரிசையாப் போகுது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். மறுபடியும் நானா? எவனோ பண்ணதுக்கு மறுபடியும் நானா? நான் இல்லம்மான்னு சொன்னேன். வேற யாரு இங்க வெறுங்கால்ல இருக்காங்கன்னு கேட்டா. தூணைப் புடிச்சுனு ஒத்தக் காலைத் தூக்கி அவ மூஞ்சிக்கு நேரா உள்ளங்காலைக் காட்டினேன். சுத்தமா இருந்துச்சு, காஞ்சு இருந்துச்சு. அடுத்த காலையும் காட்டினேன். போற வர்றவங்கல்லாம் பார்க்கறாங்க, பார்க்கட்டும். "எண்ணிப் பாரு"ன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல, வாய் முந்திக்குச்சு.

அவ என் காலைப் பார்த்தா. குனிஞ்சு தரையைப் பார்த்தா. மறுபடியும் என் காலைப் பார்த்தா. இடது தடத்துல நாலு விரல்தான் இருந்துச்சு.

அவ மாப்பைத் தூக்கினு, அந்தத் தடத்து மேல படாம சுத்திச் சுத்தித் தொடைச்சுனு அந்தாண்ட போயிட்டா. அதை நான் என் கண்ணால பார்த்தேன். எனக்குப் பைத்தியம்னு சொல்றவங்க அவளுக்கும் பைத்தியமான்னு சொல்லட்டும்.

நான் என்ன பண்ணேன்னா, அந்தத் தடத்துக்குப் பின்னாடியே போனேன். அம்புக்குறி எல்லாம் வலது பக்கம் காட்டுது, தடம் இடது பக்கம் போகுது. ஓடற படியை விட்டுட்டு, ஓரத்துல யாரும் ஏறாத கல்லுப் படியில ஏறுது. முனிராஜ் அப்படித்தான். கெணத்துல கூடையில உக்கார வெச்சுத் தூக்கறோம்டான்னா வேணாம்ணா, படி இருக்கறப்ப எதுக்குன்னு ஏறுவான். மேல போயி ஒரு தூணைச் சுத்தி, வண்டி நிக்கற எடத்துல, கோட்டுக்கு ஒரு அடி முன்னாடி நின்னுடுச்சு. நான் அங்கயே நின்னேன். அடுத்த நிமிஷம் வண்டி வந்துச்சு. கதவு நேரா என் முன்னாடி தெறந்துச்சு. பக்கத்துல இருந்தவரைக் கேட்டேன். சரியான வண்டிதான். அவ்வளவு கூட்டத்துலயும் கதவோரம் ஒரு ஆளு நிக்கற அளவு எடம் காலியா இருந்துச்சு, கடைசி வரைக்கும் ஒருத்தரும் அங்க வந்து நிக்கல. நானும் நிக்கல.

மூணாவது ஸ்டேஷன்ல எறங்கினேன். அங்கயும் தடம். நான் எறங்கற கதவுக்கு நேரா ஆரம்பிச்சு, முன்னாடி போகுது. இப்ப ஈரம் கொஞ்சம் கம்மியா இருந்துச்சு. வில்லையைப் பொட்டியில போட்டேன், படி ஏறினேன், வெளிச்சம் வந்துச்சு, ரோட்டு சத்தம் வந்துச்சு.

கடைசிப் படிக்கு மேல, ஓரமா, என் செருப்பு இருந்துச்சு.

என் செருப்புங்க. கிருஷ்ணகிரியில வாங்கினது, குதிகால் ஒரு பக்கமா தேஞ்சது, எனக்குத் தெரியாதா என் செருப்பு? மெஜஸ்டிக்ல விட்டது மூணு ஸ்டேஷன் தள்ளி வந்து உக்காந்துனு இருக்கு. ஓரமெல்லாம் வெள்ளையா கல்லு மாவு. ரெண்டும் ஈரம். மூக்கு ரோட்டைப் பார்த்தாப்புல திருப்பி வெச்சிருந்துச்சு, நான் அப்படியே கால நுழைச்சுனு நடக்கற மாதிரி.

நின்னு யோசிக்க நேரம் எங்க? மணி நாலு இருபத்தஞ்சு. கால நுழைச்சேன். இடது கட்டைவிரல்ல ஏதோ தட்டுப்பட்டுச்சு. குனிஞ்சேன். காலைல பிஞ்சு தொங்கின வாரைக் கட்டியிருக்கு. எதுல கட்டியிருக்குன்னா, கேப்பு ஒயர்ல. வெடிக்கு கரண்ட்டு கொடுக்கற மெல்லிசு ஒயரு, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு மஞ்சளு. அந்தக் காலத்துல எங்க ஆளுங்க செருப்பு, பை, குடை எது பிஞ்சாலும் அதுலதான் முறுக்கிக் கட்டுவாங்க.

ஆஸ்பத்திரி வாசல்ல செருப்பை விடச் சொன்னாங்க. விடுவேனா? கையில புடிச்சுனே வார்டுக்குள்ள போனேன். நர்ஸம்மா மொறைச்சுது, நானும் மொறைச்சேன்.

சென்னம்மா பாதி ஆளா கெடந்தா. மூக்குல டியூப்பு. மல்லிகா எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டா. நான் உக்காரல. ஒரே மூச்சுல சொல்லிடலாம்னு வாயைத் தெறந்தேன். "சென்னம்மா, அன்னைக்கு நான் பார்த்தேன்"னு ஆரம்பிச்சேன்.

"தெரியும்ணா"ன்னா அவ. "செருப்பு அங்க இல்ல. நான்தான் எடுத்தேன்."

அவ மெதுவா, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னா. சோறு எடுத்துனு வந்திருக்கா. மேட்டுல முனிராஜ் செருப்பைப் பார்த்திருக்கா. வாரு பிஞ்சிருந்துச்சாம். அவன் மேல வர்றதுக்குள்ள கட்டிடலாம்னு எடுத்துனு போயி புங்க மரத்தடியில உக்காந்து, கெடந்த கேப்பு ஒயரை எடுத்துக் கட்டினு இருந்திருக்கா. வெடிச்சப்ப செருப்பு அவ மடியில. என்ன பண்றோம்னு தெரியாம ஓடி வந்து, எடுத்த எடத்துலயே வெச்சிட்டா. அதுக்கப்புறம் ஊரு என்னைச் சுத்தி நின்னு கத்தறப்ப வாயே வரலையாம்.

"கைக்கொழந்தைய வெச்சுனு நான்தான் என் புருசனைக் கொன்னேன்னு எப்படிண்ணா சொல்லுவேன்?"

பாவமா இருந்துச்சான்னு கேக்கறீங்களா? இல்ல. அந்த நேரத்துல இல்ல. கத்திட்டேன். நெஞ்சு நோயாளின்னு கூட பார்க்காம. "முப்பத்தெட்டு வருஷம்டீ"ன்னு. வார்டே திரும்பிப் பார்த்துச்சு. ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிடல என்னை. என் அம்மா செத்தப்ப பாகலூர்ல இருந்து பாடை தூக்க ஒரு ஆளு வரல. அதெல்லாம் கேட்டேன். மல்லிகா சுவத்தைப் புடிச்சுனு நின்னா, அவளுக்கும் அது அன்னைக்குத்தான் தெரியும். சென்னம்மா எல்லாத்தையும் கேட்டுனு கெடந்தா. அப்புறம் அவ கண்ணு என் கைக்குப் போச்சு.

"அதைக் கொடுண்ணா."

இடது செருப்பைக் கொடுத்தேன். வாரைத் தடவினா. சிவப்பு ஒயரு மேல, மஞ்சள் ஒயரு மேல விரலை ஓட்டினா.

"யாருண்ணா கட்டினது?"

"நீயே சொல்லு"ன்னேன்.

"என் முறுக்குதான்"னா. "குத்தக் கூடாதுன்னு முனையை உள்பக்கம் மடிப்பேன். ஆனா அன்னைக்கு நான் ஒரு முனைதான் மடிச்சேன். அதுக்குள்ள வெடிச்சிடுச்சு. இதுல ரெண்டும் மடிச்சிருக்கு."

செருப்பைத் திருப்பிக் கொடுத்தா. மணி அஞ்சுன்னு நர்ஸம்மா வந்துடுச்சு. ஊர்ல எல்லாருக்கும் முன்னாடி இதைச் சொல்லணும்னேன். எழுந்து வந்தா நானே சொல்றேன், வரலன்னா மல்லிகா சொல்லுவான்னா. "கெளம்புண்ணா, பஸ்ஸு கூட்டமாயிடும்"னு சொல்லிட்டு கண்ண மூடினா.

அவ எழுந்து வந்துட்டா. சொன்ன மாதிரி மாரியம்மன் பண்டிகைக்கு என்னைப் பாகலூருக்கு வரச் சொல்லி, பந்தல்ல எல்லாரும் உக்காந்திருக்கறப்ப எழுந்து நின்னு சொன்னா. ஜனங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "அப்படியா"ன்னாங்க. அப்படியான்னு சொல்லிட்டு சாம்பாரு கேட்டாங்க. முப்பத்தெட்டு வருஷம் ஒரு மனுஷனை ஒதுக்கி வெச்சவங்க, சாம்பாரு கேக்கறாங்க. அதுக்கு முன்னாடி இந்தப் பேய் சமாச்சாரமெல்லாம் ஒரு விஷயமே இல்லீங்க.

பெரியவன்கிட்ட மட்டும் செருப்பைப் பத்திச் சொன்னேன். அவன் படிச்சவனாச்சே, ஒடனே விளக்கம் கொடுத்தான். எவனோ உங்க செருப்பைப் போட்டுனு அதே ரயில்ல போயிருப்பான், வாரு பிஞ்சதைக் கட்டிப் பார்த்திருப்பான், சரிப்படல, கழட்டி விட்டுட்டான்னு. திருடினவன் எதுக்குடா கேப்பு ஒயரைப் பாக்கெட்டுல வெச்சுனு ரயில்ல போறான்னு கேட்டேன். செக்கிங்ல புடிச்சிருக்க மாட்டாங்களா? வயசாயிடுச்சுப்பா, ஒரு டாக்டரைப் பார்க்கலாமான்னு கேட்டான். டாக்டரைப் போயி அவன் பார்க்கட்டும்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல செருப்பு தெக்கற ஆளுகிட்ட கொண்டு போனேன். பிரிச்சுத் தெச்சுடுன்னேன். அவரு திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, ஒயரு அட்டைக்கு நடுவுல போகுதுங்க, அடி அட்டையைப் பிரிக்காம இதை உள்ள விடவே முடியாது, ஆனா அட்டை பிரிஞ்ச மாதிரியே இல்லையேன்னாரு. அப்படியே இருக்கட்டும்னு வாங்கினு வந்துட்டேன். இதோ எழுதறப்ப என் கால்லதான் இருக்கு.

இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியே இருக்க மாட்டேன். போன மாசம் ராயக்கோட்டை பக்கத்துல ஒரு தோட்டத்துல பழைய கெணறு, பத்து வருஷமா வறண்டு கெடக்குது, அதுக்குள்ள போர் போட முடியுமான்னு பார்க்கக் கூப்பிட்டாங்க. தோட்டக்காரரு காபி வாங்கப் போயிருந்தாரு. காலைல பதினோரு மணி, சுத்தி ஒரு ஆளு இல்ல. செருப்பை மேட்டுல கழட்டி, மூக்கு கெணத்தைப் பார்த்தாப்புல விட்டுட்டு, படியில எறங்கி, கல்லைத் தட்டிப் பார்த்துட்டு ஏறினேன். கால் மணி நேரம் கூட இருக்காது.

செருப்பு திரும்பியிருந்துச்சு. மூக்கு வெளிப்பக்கம்.

எனக்கு முன்னாடி ஒருத்தன் ஏறிட்டான்னு அர்த்தம். பயம் வரலீங்க, கோவம்தான் வந்துச்சு. கெணத்தைப் பார்த்துக் கத்தினேன். "ஏன்டா முனியா, முப்பத்தெட்டு வருஷம் நான் அவமானப்பட்டப்பல்லாம் நீ எங்க போயிருந்தே? ஒரு வாட்டி, ஒரே ஒரு ஆளு கனவுல வந்து, அண்ணன் பார்த்தான்னு சொல்லியிருக்கக் கூடாதா? இப்ப வந்து செருப்பு திருப்பறியா?" அந்தாண்ட சுவத்துல பட்டு என் கொரலே திரும்பி வந்துச்சு.

காலை நுழைச்சேன். பத்து வருஷமா ஒரு சொட்டுத் தண்ணி இல்லாத கெணறு அது, அன்னைக்கு நல்ல வெயில் வேற. ரெண்டு செருப்பும் ஈரமா இருந்துச்சு.